வடமதுரைக் காரின் விலை

என் மனைவியை வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்வர ஒரு கார் வேண்டியிருந்தது. புதுக் கார் வாங்க வக்கில்லை. பழைய காரையும் ஏமாறாமல் வாங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்த இரண்டும் சேர்ந்து என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை.

செவ்வாயும் வெள்ளியும். காலை ஆறு மணிக்கு திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் தெருமுனையில் ஆட்டோ பிடிப்போம். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டுதான் வருவாள். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம், கையில் இரண்டு தடித்த ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி உள்ளே விடுவார்கள். அது முடிந்து வெளியே வருகிறவள் உள்ளே போனவள் இல்லை. பிரஷர் இறங்கி, முகம் வெளுத்து, கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். அந்த நிலையில் அவளை ஆட்டோவில் உட்கார வைத்துப் பள்ளத்துக்குப் பள்ளம் இறக்கி ஏற்றிக் கொண்டுவருவதை என்னால் பார்க்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கியவள், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டாள். கூட்டம் கூடியது. யாரோ நல்ல மனிதர் ஓடிப்போய் சோடா உடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் என்று அளவு போட்டு வாழ்கிறவள் அவள். சோடாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கொடுத்தவர் மனசு நோகக்கூடாதே என்று நான் வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்கு எனக்கு ஜும்மாத் தொழுகை தவறிப்போயிற்று. கார் வாங்குவது என்று முடிவாயிற்று.

விலை பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. முப்பத்தோரு வருடம் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோல் லாரியில் வந்து இறங்கும். ஒவ்வொன்றாகப் புரட்டி, முள் கீறியது, உண்ணி கடித்தது, அம்மைத் தழும்பு உள்ளது, உரிக்கும்போது கத்தி பட்டது என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று வீசுவேன். கண்ணைவிட விரல்தான் முக்கியம். கண்ணுக்குத் தெரியாத பழுது விரலுக்குத் தெரியும். அந்த ஆடு என்ன வயதில் செத்தது, நோயில் செத்ததா கத்தியில் செத்ததா என்பதுகூடத் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. மண்டியில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தரம் பார்ப்பது பாதி வேலை. விலை பேசுவது மீதிப் பாதி. எங்கள் தொழிலில் விலை பேசும்போது முகம் என்று ஒன்று இருக்கக்கூடாது. சரக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், அது கிடைக்காவிட்டால் தோல் பதனிடுகிற ஷாப்பில் தொட்டி காலியாகக் கிடக்கும் என்றாலும், பிணத்தைப் பார்க்க வந்தவன் மாதிரி நிற்க வேண்டும். எப்போதும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "எனக்கு ரொம்ப நாளைக்கு வேண்டாம்ப்பா, இந்த ஒரு லோடு போதும், அதுக்கு மேல தேவப்படாது." தொடர்ந்து வாங்கப் போகிறவன் என்று தெரிந்தால் விற்கிறவன் இறங்க மாட்டான். அதனால் பத்து வருடமாக மாதாமாதம் வாங்குகிற ஆளிடமும் இதையே சொல்வோம். அவனுக்கும் இது பொய் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வியாபாரம் ஆரம்பித்ததாகவே அர்த்தமில்லை.

என் மனைவிக்கு இந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு. கல்யாணமான புதிதில் மீன் வாங்கப் போன இடத்தில், "செத்த நேரம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்தா மீன்காரன் மீன அள்ளிக் குடுத்துட்டு ஊரவிட்டே ஓடிருவான்" என்று கடைக்காரன் காதுபடவே சொன்னவள்.

கார் தேட ஆரம்பித்த பிறகுதான், தோல் வியாபாரிகள் எவ்வளவு யோக்கியமானவர்கள் என்று எனக்குத் தெரிந்தது. செல்போனில் வரும் விளம்பரத்தில் எல்லாக் காரும் டாக்டர் ஓட்டின கார்தான். திண்டுக்கல்லில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் எங்கள் வீட்டில் ஏன் ஒருவரும் குணமாகவில்லை என்று தெரியவில்லை. டாக்டர் இல்லையென்றால் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினதாம். நத்தம் ரோட்டில் ஒரு இடத்தில், பன்னிரண்டு வயதான காருக்கு மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் இரும்பு தெரிந்தது. நாற்பதாயிரத்துக்கு ரப்பர் அப்படித் தேயாது. "மிதிக்கிறவரு கொஞ்சம் கனமான ஆளு பாய்" என்றான் விற்கிறவன். அகரத்தில் ஒரு காரின் கதவைத் தடவியதுமே உள்ளே பட்டி பார்த்திருப்பது விரலில் பட்டது. தட்டிப் பார்த்தால் தகரச் சத்தம் வரவில்லை, சுவரைத் தட்டின சத்தம் வந்தது. கால்மிதியைத் தூக்கினால் தரை துருப்பிடித்து ஓட்டை. அதன் வழியாகக் கீழே கோழி ஒன்று நடந்து போனது தெரிந்தது. அதற்கு இரண்டு லட்சம் கேட்டார்கள்.

என்னுடன் வந்தவர் எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் மறுக்க முடியாது. பழைய காருக்கு நியாயமான விலை எதுவென்று எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.

"கேக்குற வெலையப் பாக்காதீகண்ணே. இதே வண்டி ஊருக்குள்ள என்ன வெலைக்குக் கைமாறுதுன்னு பாருங்க. அதுல டயரக் கழிங்க, பேட்டரியக் கழிங்க, கிளட்சு தேஞ்சிருந்தா அதக் கழிங்க. பேப்பரு எம்புட்டு நாள் இருக்குன்னு பாத்து அதையும் கழிங்க. மிச்சம் வாரத, நீங்க எத்தன மாசம் ஓட்டப்போறீகளோ அதால வகுத்துப் பாருங்க. அந்த மாசக்காச நெனச்சு வயிறு எரியலைன்னா அது சரியான வெல."

"சரி."

"நீங்க எத்தன வருசம் வச்சிருப்பீகண்ணே?"

"பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மூன்று மாதம் இப்படி அலைந்த பிறகு வடமதுரைப் பக்கம் ஒரு கார் இருப்பதாக அவரே தகவல் கொண்டுவந்தார். திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சம்பங்கித் தோட்டத்தை ஒட்டி வீடு. விற்கிறவர் விவசாயி, என் வயதுதான் இருக்கும். மகன் பெரிய வண்டி வாங்கிவிட்டதால் இது சும்மா நிற்கிறது என்றார். வெள்ளைக் கார், பெட்ரோல், பதினான்கு வயது முடிந்தது. என் மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். காரின் சீட் உயரம் அவளுக்குத் தோதாக இருக்க வேண்டும். முழங்கால் மடங்காமல் ஏறி இறங்க முடியுமா, பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்க முடியுமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அதைப் பாராமல் வாங்கிப் பிரயோஜனமில்லை. மெக்கானிக்கின் வேனில் மூன்று பேருமாகப் போனோம்.

"வாங்க பாய், வாங்க. வாம்மா" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார் அந்த மனிதர். அவர் வீட்டம்மா டீ கொண்டுவந்தார். என் மனைவி இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டாள். நான் காரை நெருங்குவதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"பாய், சொல்லிர்றேன். டயரு முன்னாடி ரெண்டும் மாத்தணும். ஏசி ஒரு வருசமா வேல செய்யல. பின்கதவ எம்மருமகன் கேட்டுல இடிச்சுப்புட்டாரு, பெயின்ட்டு அடிச்சது. ஆர்.சி. இன்னும் பதினோரு மாசம் இருக்கு, அப்பறம் புதுப்பிக்கணும். வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணே முக்கா சொல்றேன்."

இப்படி ஒரு விற்பனைக்காரரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. எங்கள் மண்டியில் விற்கிறவன் தானாகவே இரண்டு பழுதைக் காட்டினால், பெரிய பழுதை அடுக்கின் அடியில் வைத்திருக்கிறான் என்று பொருள். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினேன். காரைச் சுற்றி அங்குலம் அங்குலமாகத் தடவினேன். பின்கதவில் மட்டும்தான் பெயின்ட் வேறாக இருந்தது, அவர் சொன்ன இடத்தில். கதவு ரப்பரை இழுத்து உள்ளே பார்த்தேன். ஸ்டெப்னி டயரைத் தூக்கி அதன் குழிக்குள் கையை விட்டேன். துரு இல்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றி, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காதை வைத்துக் கேட்டார். புகை இல்லை. இரண்டு பேருமாகத் தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டியரிங்கை விட்டாலும் நேராகப் போயிற்று.

திரும்பி வந்து இறங்கும்போது மெக்கானிக் என் காதில் சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்ணே. அவரு எல்லாத்தையும் கழிச்சுத்தான் வெல சொல்லிருக்காரு. இத விட்டா இந்த வெலைக்குக் கெடைக்காது."

எனக்கும் தெரிந்தது. விலை நியாயமானது. என் பையில் பணம் இருந்தது, மண்டியை விட்டு விலகும்போது முதலாளி கொடுத்தது. என் மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மெல்லக் காலை நீட்டிப் பார்த்து, "நல்லாருக்குங்க" என்று சொல்லியாகிவிட்டது. அங்கேயே பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் கேட்ட விலைக்கு ஒரு பொருளை வாங்குவது என்பது என் உடம்பில் இல்லை. முப்பத்தோரு வருடப் பழக்கம். அந்த மனிதர் நேர்மையாகப் பேசியது எனக்குள் ஒரு எரிச்சலைக்கூடக் கிளப்பியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குறை கண்டுபிடிக்க எனக்கு அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு பானட் பக்கமாகப் போய் நின்றேன்.

"என்ன பாய், புடிச்சிருக்கா?"

"வண்டியில கொற சொல்லலண்ணே. பேப்பருதான் ஒதைக்குது. பதினோரு மாசந்தான இருக்கு?"

"அதுக்குத்தான் கொறச்சுச் சொல்லிருக்கேன் பாய். கொஞ்சம் செலவு பண்ணிப் புதுப்பிச்சீங்கன்னா ஆர்.டி.ஓ.வுல இன்னும் அஞ்சு வருசம் தருவான். இஞ்சினு கல்லு மாதிரி இருக்கு, பாத்தீங்கள்ல."

"அஞ்சு வருசம் யாருக்குண்ணே வேணும்? எனக்கு இந்தப் பதினோரு மாசம் ஓடுனாப் போதும். அதுக்கு மேல தேவப்படாது. அந்தக் கணக்குக்கு ஒரு வெலையச் சொல்லுங்க."

அவர் என்னைத் தாண்டிக் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக் அவரிடம் என் மனைவியின் உடம்பைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

"ஒண்ணு நாப்பது குடுங்க பாய், போதும்" என்றார்.

ஒரே வார்த்தையில் முப்பத்தைந்தாயிரம் இறங்கிவிட்டார். இப்படி யாரும் இறங்க மாட்டார்கள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. சொல்லவே நா கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. வியாபாரம் முடித்த சந்தோஷம். அதன் பிறகுதான் திரும்பினேன். ஏசி வேலை செய்யாத கார். வெயிலுக்கு நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டிருந்தார்கள். பின்சீட்டுக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. அவள் சம்பங்கித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணாமலே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "வண்டிய இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க பாய், பேரு மாத்துறத பைய பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்ட காகிதங்களை மெக்கானிக்கிடம் கொடுத்தார். மெக்கானிக் வேனில் முன்னால் போய்விட்டார். நான் காரை எடுத்தேன். முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். "இங்கயே இருக்கேன்" என்றாள்.

மெயின் ரோடு வந்து ரொம்ப தூரம் போன பிறகு கேட்டாள்.

"எம்புட்டுக்கு முடிச்சீக?"

"ஒண்ணு நாப்பது."

"முப்பத்தஞ்சு கொறச்சிருக்கீக. நல்ல வெலதான்."

குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஏதோ யாவாரத்துக்குப் பேசுறது. ஒனக்குத் தெரியாததா?" என்றேன்.

"தெரியுமே. அந்த மூஞ்சியோடதான இத்தன வருசம் குடித்தனம் பண்ணுறேன். வண்டிய ஓரங்கட்டுங்க."

தாமரைப்பாடி தாண்டி ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினேன். லாரிகள் போகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது.

"இப்பத் திரும்பி என்னையப் பாத்து, யாவாரத்துக்குத்தான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்ன தெரிந்திருக்கும் என்று தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்ற அவசரம் வந்ததும், அது தானாகவே மண்டி முகமாக மாறிவிட்டது. அதைப் பார்த்து அவள் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். அன்று சிரிக்கவில்லை.

"சரி, எடுங்க" என்றாள்.

யாவாரத்துக்குச் சொன்னதுதான். அந்த வார்த்தை பழக்கத்தில் வந்ததுதான். ஆனால் பொய்யில்லை. இதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் கருத்து, வறண்டு, அரிப்பெடுக்கும். தினமும் சாயங்காலம் அவள் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு, பாவம் எவ்வளவு பாசம் என்றிருக்கும். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தோலைத் தொட்டால் என் விரலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கெண்டைக்காலில் தோல் எந்த அளவுக்கு இறுகியிருக்கிறது, அமுக்கினால் விழும் குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது, போன மாதத்துக்கு இந்த மாதம் எவ்வளவு தேறாமல் போயிருக்கிறது என்று அதுபாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லவே அது ஒரு கணக்குக்கு வந்திருந்தது. ஒரு வருடம். அதற்கு மேல் தாங்காது. ஆட்டுக்குப் பார்த்த அதே கையால் பெண்டாட்டிக்கும் பார்த்தேன் என்பதை நினைத்தால் இந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றிருக்கிறது. மெக்கானிக் எத்தனை வருடம் என்று கேட்டபோது நான் மழுப்பியதற்கு அதுதான் காரணம். அவரிடம் சொல்லாததை ஒரு விலைக்காக முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன்.

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கார் நன்றாகவே ஓடியது. ஒரு நாள்கூட வழியில் நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பின்சீட்டில் தலையணை போட்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாள். வாந்தி வந்தால் நிறுத்தி, ஓரமாக எடுக்க வைத்து, முகம் துடைத்துக் கூட்டிவருவேன். காரைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்ன விலை என்று கேட்டார்கள். விலையைச் சொன்னதும், "அடேயப்பா, அள்ளிக்கிட்டு வந்துட்டீக பாய்" என்றார்கள். தெருவில் ஒருவர் தனக்கும் அதே மாதிரி ஒன்று பார்த்துத் தரச் சொன்னார். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் உடம்பு தேறவில்லை. கையில் ஊசி குத்துகிற நரம்பு அடைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஆபரேஷன் செய்தார்கள். கண் மங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை வந்தால் நல்லது என்றார் டாக்டர். அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பி, குத்தின இடத்தில் குத்து வாங்கிக்கொண்டு, ஒரு சொல் புலம்பாமல் திரும்பி வந்தாள். நர்ஸுகள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்த்ததில்லை என்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை பயத்தைத்தான் தந்தது. என்மேல் உள்ள கோபத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். முன்னெல்லாம் ரெண்டு வார்த்தை சுருக்கென்று பேசுவாள். அந்தப் பேச்சும் அந்த வேப்பமரத்தோடு நின்றுவிட்டது.

ஒன்பது மாதம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க மனுக் கொடுக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி இறங்கினேன். முன் டயர் இரண்டையும் மாற்றினேன். பின்கதவுக்குத் திரும்பப் பெயின்ட் அடித்தேன். ஏசியைக்கூட சரி செய்தேன், அதை யாரும் கேட்கவில்லை. விலையில் குறைத்த முப்பத்தைந்தாயிரத்தைக் காட்டிலும் கூடவே செலவாயிற்று. மனசுக்கு அது தேவையாக இருந்தது. வாயால் சொன்னதை வாயால் திருப்பி எடுக்க எனக்குத் தெரியவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டவளிடம் பட்டறை வேலை என்று மட்டும் சொன்னேன். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, வரி கட்டி, நடையாக நடந்து, கடைசியில் புது அட்டை வந்து சேர்ந்தது. ஐந்து வருடத்துக்கு.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அட்டையை அவள் கையில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், தெரியவில்லை.

"என்னதுங்க இது?"

"நம்ம வண்டியோட ஆர்.சி. புதுப்பிச்சுட்டேன்" என்றேன். "இன்னும் அஞ்சு வருசத்துக்கு ஓட்டலாம்."

"என்ன தேதின்னு வாசிங்க."

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வருடத்தை அழுத்தி வாசித்தேன். அன்றைக்கு வடமதுரையில் பேசியதற்கு இதுதான் என் மன்னிப்பு, புரிந்துகொள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. நோய் வந்த நாளிலிருந்து அழாதவள், சத்தம் போட்டு அழுதாள்.

"ஏன்டி, என்னாச்சு?"

"பத்து மாசம் போயிருச்சு, இன்னும் ஒரே மாசந்தான்னு இருந்தேங்க."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க தோலப் பாத்துச் சொன்னாத் தப்பாதுன்னு மண்டியே சொல்லும். பதினோரு மாசம்னு சொன்னீக. அன்னிக்கு வலிச்சுச்சு, இல்லன்னு சொல்லல. பெறகு நெனச்சேன், சரி, பதினோரு மாசந்தான. அம்புட்டு நாளு தாங்கிறலாம். ஒவ்வொரு ஊசிக்கும் அதச் சொல்லிச் சொல்லித்தான் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். முடிவு ஒண்ணு இருக்குன்னா எதையும் தாங்கலாங்க. இப்ப வந்து அஞ்சு வருசம்ங்கிறீக. அஞ்சு வருசம் நான் எப்பிடிங்க போவேன்?"

அவள் கையைப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன கை. இது வெறும் காகிதம், வண்டிக்குத்தான் வருடம், உனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை முழுசாகச் சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன். பத்து மாதமாக எதை நினைத்து நான் கூனிக் குறுகினேனோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். அதையும் நானே பிடுங்கிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த அட்டையைத் தடவித் தடவித் தேடியெடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதத் திருப்பிக் குடுத்துற முடியாதாங்க?" என்றாள்.

முடியாது என்றேன். மறுநாள் செவ்வாய்க்கிழமை.